பொறுத்தருளக் கேட்ட மன்னன்

தாம்பரத்துக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் விரையும் சரக்கு வண்டிகளின் இரைச்சலுக்கிடையே அமைந்துள்ள மணிமங்கலத்தைக் கடந்து செல்வோர் பலர். ஆயின், அதனை ஒரு போர்க்களமாக நினைவுகூர்வோர் சிலரே. கி.பி. 642-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காஞ்சியை நோக்கி வந்த சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புறங்காட்டச் செய்தான். ஓடிய புலிகேசியின் முதுகையே செப்பேடாகக் கொண்டு 'விஜய' என்னும் சொல்லை நரசிம்மன் எழுதினான் என்று, அவன் பெயரன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு புகழ்கிறது. இதன் தொடர்ச்சியே வாதாபியின் அழிவு.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' வழியாக இவ்வரலாறு தமிழர் இல்லந்தோறும் சென்று சேர்ந்தது. முதுகில் எழுதிய அந்த வெற்றியை நாமும் பல்லாண்டுகளாக வகுப்பறையில் பெருமிதம் தோன்றவே சொல்லிவந்தோம். அண்மைக் காலமாக அப்பெருமிதம் நமக்குள் சற்றே தயங்கி நிற்கிறது. காரணம், யூத ஞானியர் மனந்திரும்புதல் குறித்து எழுதியவற்றைப் படிக்க நேர்ந்ததே.

எபிரேய மொழியில் இதற்குரிய சொல் 'தெசூவா'. திரும்பி வருதல் என்பது அதன் நேர்ப்பொருள். மனந்திரும்பியவர் நிற்கும் இடத்தில் குற்றமே அறியாத நல்லோரும் நிற்கவியலாது என்றொரு கருத்து தல்மூதில் உண்டு. இளமையில் கொள்ளையனாக இருந்தவர் என்று சொல்லப்படும் ரேஷ் லாகிஷ் என்னும் 3ஆம் நூற்றாண்டு அறிஞர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். அன்பினால் விளையும் மனந்திரும்புதல், அறிந்தே செய்த குற்றங்களையும் நற்செயல்களாக மாற்றிவிடும் என்றார்.

இவ்வளவு பெரிய ஆற்றலை அதற்கு வழங்கியவர்கள் கடுமையான வரையறைகளையும் வகுத்தனர். ஆண்டுக்கொரு முறை வரும் பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூர், மனிதன் இறைவனுக்குச் செய்த பிழைகளையே போக்கும். மற்றொரு மனிதனுக்கு இழைத்த தீங்கு, அவனை நேரில் கண்டு அமைதிப்படுத்தும்வரை தீராது. எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் இவற்றை முறைப்படுத்தி எழுதினார். குற்றத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என உறுதிகொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். தீங்குற்றவன் இறந்துபோயிருந்தால், பத்துப்பேரை அவன் கல்லறைக்கு அழைத்துச் சென்று அவர்கள் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சூழலும் அதே வலிமையும் மீண்டும் வாய்க்கையில் அக்குற்றத்தைச் செய்யாதிருப்பதே முழுமையான மனந்திரும்புதல் என்பது அவர் துணிபு.

இவ்விறுதிக் கருத்து தமிழர்க்குப் புதிதன்று. பின்னர் வருந்தத்தக்க செயலைச் செய்யற்க, தவறிச் செய்துவிட்டால் மீண்டும் அத்தகையது செய்யாமை நன்று என்று வினைத்தூய்மை அதிகாரக் குறளொன்றுக்குப் பொருள் கூறுவர். பரிமேலழகரோ, செய்தபின் இருந்து இரங்கிக் கொண்டிராமை நன்று என்று வேறாக உரைப்பார். இரங்குதல் போதுமா, திருந்துதல் வேண்டுமா என்னும் வினா நம் உரைமரபிலும் இருந்திருக்கிறது.

இனி மணிமங்கலத்துக்குத் திரும்புவோம். இங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் மெய்க்கீர்த்திகள் பல உள்ளன. அவற்றுள் வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, பகைவன் மகளான நாகலை என்பாளின் மூக்கை அரிந்ததையும் வெற்றிச் செயலாகவே பதிவு செய்கிறது. மெய்க்கீர்த்தியின் இலக்கணம் அது; வென்றவன் நாவு வருந்தாது.

எனினும், மணிமங்கலத்துக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் நமக்கு வேறொரு காட்சியைத் தந்திருக்கிறார். அவரும் மைமோனிடிசும் ஒரே நூற்றாண்டினர். பெரியபுராணத்தில், வாதாபியைத் துகளாக்கிப் பெரும்பொருளுடன் திரும்புகிறார் பரஞ்சோதியார். அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன் நடுங்குகிறான். அடியவர் ஒருவரைக் கொடிய போர்முனைக்கு ஏவிவிட்டேனே என்று வருந்தி, பொறுத்தருள வேண்டும் எனத் தன் படைத்தலைவரையே வணங்குகிறான். சேக்கிழார் அம்மன்னன் பெயரைச் சுட்டவில்லை. வாதாபிச் செய்தி கொண்டே அவனை நரசிம்மன் என அறிஞர் கொள்வர்.

யூத ஞானியர் வகுத்த படிநிலைகளை இக்காட்சியில் ஏறத்தாழ முழுமையாகக் காண்கிறோம். மன்னன் கோயிலுக்கு ஓடவில்லை. தீங்குற்றவர் என்று தான் கருதியவரையே நேரில் வணங்குகிறான். பிழையை வாயாற் சொல்கிறான். நிதிக்குவை அளித்து, அரசப் பணியிலிருந்து அவரை விடுவித்து, அவர் விரும்பிய தொண்டுக்கே அனுப்புகிறான். பின்னாளில் அவர் சிறுத்தொண்டர் ஆனார்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பொறுத்தருளக் கேட்கப்பட்டவர் வாதாபியை அழித்தவர். அழிந்த வாதாபியிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. பரஞ்சோதியாரோ, எனக்குரிய தொழிலைச் செய்தேன், அதில் தீங்கென்ன என்று அமைதியாக விடையிறுக்கிறார்.

மன்னர்களின் மனந்திரும்புதல் இவ்வாறு பாதிவழியில் நின்றுவிடுவது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டதையும் 1,50,000 பேர் பெயர்த்துச் செல்லப்பட்டதையும் சொல்லி வருந்தும் அசோகரின் 13ஆம் பாறைச் சாசனம் உலகறிந்தது. ஆயின் கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலி, ஜௌகட பாறைகளில் அச்சாசனம் இடம்பெறவில்லை. அதற்கு மாற்றாக, மக்களை நெறியோடு நடத்துமாறு அதிகாரிகளுக்கு இட்ட தனிச் சாசனங்களே உள்ளன. காரணம் எதுவாயினும், அந்த வருத்தமொழி, கேட்க வேண்டியவர்களின் ஊரில் பொறிக்கப்படவில்லை.

மைமோனிடிஸ் சொன்ன இறுதித் தேர்வில் வென்றவர் நம் வரலாற்றில் உண்டா? வாதாபி எரிந்து ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 8ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் வெற்றியோடு நுழைந்தான். பழிதீர்க்கும் வாய்ப்பும் வலிமையும் அவன் கையில் இருந்தன. அவன் நகரை அழிக்கவில்லை. இராசசிம்மேசுவரம் எனப்படும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனை இறைவனுக்கே திரும்ப அளித்தான். அக்கோயில் தூணில் உள்ள கன்னடக் கல்வெட்டு இதனை இன்றும் சொல்கிறது. அவன் அரசியல் கணக்கை நாம் அறியோம். அவன் குற்றவாளியும் அல்லன், தீங்குற்ற மரபினன். ஆயினும் திரும்பி வந்த அதே சூழலில் தீமை மீண்டும் செய்யப்படவில்லை. வாதாபிக்குக் காஞ்சி செய்யாததை, காஞ்சிக்கு வாதாபி செய்தது.

நரசிம்மனும் பரஞ்சோதியாரும் மறைந்து பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் கல்லறைக்குப் பத்துப்பேரை அழைத்துச் செல்லும் அந்த வழக்கம், இறந்தோர்க்கு இழைத்த தீங்கும் உயிரோடிருப்போர் முன்னிலையில் சொல்லப்பட வேண்டும் என்கிறது. ஆசிரியராகிய நமக்கு அது எட்டக்கூடிய செயலே. இப்போதெல்லாம் வகுப்பில் கூரம் செப்பேட்டைச் சொல்லி முடித்ததும், காஞ்சிக் கோயிலின் கன்னடக் கல்வெட்டையும் சேர்த்தே சொல்கிறோம். முதல் பகுதிக்கு மாணவர் கைதட்டுவர். இரண்டாவதைக் கேட்டபின் வகுப்பு சிறிது நேரம் பேசாதிருக்கிறது.