ஓடைக்கரையில் பார்த்த நாடி

குளிரில் விறைத்தவரை மருத்துவமனை மீட்ட வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1953இல் ஜான் கிப்பன் இதய அறுவைக்குப் பயன்படுத்திய இதய நுரையீரல் இயந்திரம், 1967இல் சுவீடனில் விறைத்தவர்களுக்கும் பயன்பட்டது. ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றி, ஆக்சிஜன் ஏற்றி உடலுக்குள் திருப்பி அனுப்பும். வடக்கு நார்வேயின் ட்ரோம்ஸோ பல்கலைக்கழக மருத்துவமனைக் கணக்கு இந்த வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. குளிரில் இதயம் நின்றவர்களுக்கு அங்கே 1985 முதலே இந்தச் சிகிச்சை உண்டு. 1998 வரை ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 1999 முதல் 2013 வரை வந்த 24 பேரில் 9 பேர் பிழைத்தார்கள். இயந்திரத்தைவிட, ஒருவரை எப்போது இறந்தவர் என்று சொல்லலாம் என்ற எண்ணம்தான் இடையில் பெரிதாக மாறியது என்பேன்.

1999 மே 20 அன்று, நார்விக் அருகே பனிச்சறுக்கில் இருந்த மருத்துவர் அன்னா போகன்ஹோல்ம் உறைந்த ஓடைக்குள் தலைகுப்புற விழுந்தார். கூட வந்த இருவரும் அவருடைய சறுக்குக் கட்டைகளை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மீட்க வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்தும் ஆள் வரவில்லை. தோட்டத்து மண்வெட்டியால் பனியைப் பிளந்து வெளியே எடுப்பதற்குள் 80 நிமிடம் ஆகிவிட்டது. மூச்சில்லை, நாடியில்லை, கண்மணிகள் விரிந்து கிடந்தன. அங்கேயே துணியால் மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஹெலிகாப்டரில் வழிநெடுக நெஞ்சை அழுத்தியபடியே ட்ரோம்ஸோவுக்குக் கொண்டுவந்தார்கள். உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ்வரை இறங்கியிருந்தது. உடல் சூடாகாமல் சாவை அறிவிப்பதில்லை என்று அங்கிருந்த மருத்துவர் மாட்ஸ் கில்பெர்ட்டின் குழு முடிவெடுத்தது. இரவு பத்தேகாலுக்கு இதயம் துடித்தது.

அது அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். பனிக்கடியில் காற்று தங்கிய ஒரு சிறு இடத்தில் அவர் நாற்பது நிமிடம் மூச்சுவிட்டார் என்பது உண்மை. உடல் ஒரு டிகிரி குளிரும்போது மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். இதயம் நிற்குமுன்பே அவருடைய மூளை குளிர்ந்துவிட்டது. ஆனால் அவரைப் போலவே பிழைத்த மற்ற எட்டுப் பேருக்கும் அதே அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியுமா? மருத்துவர்களின் கை தேர்ந்ததுதான் காரணம் என்ற வாதம் இன்னும் வலுவானது. ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திறமை ஏற்கெனவே உலகில் இருந்தது: சுவிட்சர்லாந்தின் பெர்ன் மருத்துவர்கள் 1997இல் வெளியிட்ட கணக்கில், இப்படிச் சூடேற்றப்பட்ட 32 பேரில் 15 பேர் நெடுநாள் பிழைத்திருந்தார்கள். சம்பவ இடத்திலிருந்து அறுவை அரங்குவரை நெஞ்சழுத்தம் நிற்காமல் தொடர, விறைத்தவர் இன்னும் மீளலாம் என்று வழியில் உள்ள ஒவ்வொருவரும் நம்ப வேண்டும்; 1999க்குப் பிறகு அந்த நம்பிக்கைக்கு ஒரு முகம் கிடைத்தது. பிணத்தோடு மல்லுக்கட்டுவதாகாதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பனிச்சரிவில் முதலில் மூச்சுத் திணறி, பிறகு குளிர்ந்தவர் திரும்புவது அரிது. செல்கள் சிதைந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் கசியும் என்பதால், லிட்டருக்கு 12 மில்லிமோலைத் தாண்டினால் முயற்சியை நிறுத்தலாம் என்று வரம்பு வகுத்தார்கள்.