காயத்தைத் தொடும் கை

1896இல் ஜேர்மன் ஓவியர் கேத்தே கொல்விற்ஸ், உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து ஓர் அச்சுச் சித்திரம் செய்தார்: 'பல காயங்களிலிருந்து குருதி சிந்துகிறாய், மக்களே'. கிடத்தப்பட்ட கிறிஸ்துவைப் போல ஓர் உடல். வாளுடன் ஒருவன் குனிந்து காயத்தைத் தொடுகிறான். இருபுறமும் தூண்களில் கட்டுண்ட பெண்கள்.

சிலேசிய நெசவாளர்களின் 1844ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை நினைவில் கொண்ட தொடருக்கு இதையே முடிவாக்க எண்ணியிருந்தார். பின்னர் ஆலோசனையை ஏற்று விலக்கினார். குறியீடு போக, நெசவாளியின் வீட்டுத் தரையில் கிடக்கும் பிணங்களே முடிவாக எஞ்சின. 1898இல் அத்தொடருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பதக்கத்தைக் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்தார். அரசனைச் சுட்டது அந்த வெறும் தரைதான் என்று நினைக்கிறோம்.

எங்கள் சுவரொட்டிகளில் இறந்தவர்கள் புனிதர்களாகவே நின்றார்கள். அவர்கள் கிடந்த வீட்டுத் தரையை நாங்கள் இன்னும் வரையவில்லை.