பெண்டாட்டி எங்கே இருந்தாள்?

சென்னை ஜெமினி மேம்பாலத்தைக் காலை நேரத்தில் கடந்திருக்கிறீர்களா? அமெரிக்கத் தூதரக வாசலில் ஒரு வரிசை நிற்கும். கணவன் கையில் ஃபைல், மனைவி கையில் கல்யாண ஆல்பம். ‘கவுன்ட்டரில் என்ன கேட்பாங்களோ’ என்ற கவலை இரண்டு முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கும். விசா கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, ஆறு மாதம் கழித்து மறுபடி முயற்சி செய்யலாம்.

திரும்பிப் போக வீடே இல்லாமல் இப்படி வரிசையில் நின்ற குடும்பங்கள் நம் நீலகிரியில் இருக்கின்றன. அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் கொஞ்சம் வண்டியைத் திருப்புங்கள். தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கும் பாட்டிகளிடம் பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேர் ரயிலை ‘கோச்சி’ என்பார்கள். ஊரில் அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’. அங்கே சிலோனில் என்ன பெயர் தெரியுமா? ‘இந்தியாக்காரன்’!

கதை 1948-ல் ஆரம்பிக்கிறது. சுதந்திரம் வாங்கிய கையோடு இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை பக்கமிருந்து போய், மலையை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரன் பேத்திகள் ஒரே நாளில் நாடில்லாதவர்கள் ஆனார்கள். கொஞ்சம் அழுத்தம் வந்ததும் 1949-ல் இன்னொரு சட்டம்: ‘சரி, விண்ணப்பம் போடுங்கள், தகுதி இருந்தால் பதிவு செய்கிறோம்.’

தகுதி என்றால்? கல்யாணமானவர் 1946-க்கு முன் ஏழு வருஷம் விடாமல் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆகாதவருக்குப் பத்து வருஷம். இதுவரை சரி. அடுத்த நிபந்தனையைக் கேளுங்கள். புருஷன் இருந்தால் மட்டும் போதாது. கல்யாணமான முதல் வருஷம் முடிவதற்குள் மனைவியும் இலங்கைக்கு வந்திருக்க வேண்டும். வந்த பிறகு விடாமல் இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இதே கணக்கு, பிறந்து ஒரு வருஷத்துக்குள். இந்தியாவுக்குப் போய் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது!

நம்ம வீட்டு வழக்கத்தை யோசியுங்கள். ஊருக்கு வந்து பெண் கட்டுவான். மாமியாருக்குத் துணையாகப் பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புவான். அவள் இரண்டு வருஷம் கழித்துக் கப்பலேறுவாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவாள், குழந்தை நடக்கிற வரை அம்மா விடமாட்டாள். இதிலெல்லாம் என்ன தேசத்துரோகம்? ஆனால் விசாரணையில் கணவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்: அந்தக் காலத்தில் உன் மனைவி எங்கே இருந்தாள்? கல்யாணத்துக்குக் கூட எழுத்தில் சாட்சி இல்லாத ஜனங்களிடம் தேதி கேட்டார்கள். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மணியார்டர் அனுப்பியதுகூட ‘உனக்கு இங்கே நிலைத்து வாழும் எண்ணமில்லை’ என்று காட்டப் பயன்பட்டது.

சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1962 வாக்கில் பதிவானவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். மற்றவர்கள்? அதற்குப் பதில் டெல்லியில் எழுதப்பட்டது. 1964 அக்டோபர் 30, லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். (1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.) அரிசி மூட்டை பங்கு போடுகிற மாதிரி! தோட்டத்தில் இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பம் போடச் சொன்னபோது வேடிக்கை பாருங்கள், இந்தியாவுக்கென்று ஒதுக்கிய இடமே நிரம்பவில்லை. பலருக்கு ‘ஊர்’ என்றால் தாத்தா சொன்ன ஒரு பெயர். அவ்வளவுதான்.

இந்தியா கேட்டவர்களுக்குக் கண்டியில் இருந்த இந்திய உதவி ஹைகமிஷன் அலுவலகம்தான் கோயில். அங்கே பாஸ்போர்ட்டோடு ‘குடும்ப அட்டை’ தந்தார்கள். குடும்பத் தலைவர் பெயர், கீழே மனைவி, சின்னப் பிள்ளைகள். வயது வந்த மகனுக்கும் கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதில் இடமில்லை. அவர்கள் கணக்கு தனி. அம்மா இந்தியா, மகள் இலங்கை என்று ஒரே லயத்தில் இரண்டு தேசம் ஆனது இப்படித்தான். கணவன் பின்னால் நின்ற மனைவி அந்த அட்டையில் இரண்டாவது வரி. தன்னைப் பெற்றவர்களை விட்டுவிட்டு அந்த வரியோடு அவள் கப்பலேற வேண்டும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் இருக்க அனுமதியும் தவணைதான். விசா முடியும் வரை, அல்லது 55 வயது வரை வேலை பார்க்கலாம். பிராவிடண்ட் ஃபண்டையும் கிராஜுவிட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஹட்டன், நானுஓயா ஸ்டேஷன்களில் தலைமன்னார் ரயில் புறப்படும்போது பிளாட்பாரமே மாரடித்து அழும். அதனால் மலையக மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இறந்தவர்களுக்கு வைக்கும் பாட்டை உயிரோடு போகிறவர்களுக்கு வைத்தார்கள்.

தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். அங்கே உனக்கு எந்த ஊர், என்ன உதவி என்று தீர்மானம் ஆகும். கொழுந்து பறித்த கைக்கு வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளிக்கு அனுப்பினார்கள். தராசு பிடித்தே அறியாதவர்கள் என்ன செய்வார்கள்? கடன் கரைந்ததும் குளிரையும் தேயிலையையும் தேடி மலையேறினார்கள். நீலகிரியில் வனத்துறை 1968-ல் இவர்களுக்காகவே தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. 1976 முதல் அதுதான் ‘டான்டீ’, தலைமையிடம் குன்னூர். வேலை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் தனியார் எஸ்டேட்டிலும் காய்கறித் தோட்டத்திலும் கூலிக்கு நின்றார்கள்.

இனக்கலவரத்துக்குப் பின் 1984-ல் கப்பல் நின்றது. அதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேல் வந்துவிட்டார்கள். வராமல் நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு இலங்கையே 1988-லும் 2003-லும் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. எந்தக் கேள்வியும் கேட்காமல் என்றே சொல்லலாம். கூடலூரில் உட்கார்ந்து அந்தச் செய்தியைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தக் குடும்ப அட்டை இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. பேரப்பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதற்கிடையே நஷ்டக் கணக்கு காட்டி, 2022-ல் டான்டீ நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு உத்தரவு போட்டது. எஸ்டேட் வீடு வேலைக்காகக் கொடுத்தது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது விதி. எங்கே போவது என்று கேட்கும் பாட்டிகள், கண்டியில் கணவன் பின்னால் வரிசையில் நின்ற அதே பெண்கள்தான்.