குவைத்தின் கொடையும் கணக்கும்

வளைகுடா என்றதும் நம் வீடுகளுக்கு வந்த காசுதான் நினைவுக்கு வரும். அங்கிருந்து பிற நாடுகளுக்குப் போன காசைப் பற்றி இம்முறை சொல்கிறேன்.

குவைத் 1961 ஜூனில் சுதந்திரமடைந்தது. ஒரு வாரத்துக்குள் ஈராக் அந்த நாட்டையே தன்னுடையது என்றது. நட்பு தேட வேண்டிய நிலை. அவ்வருட இறுதியிலேயே குவைத் அபிவிருத்தி நிதியம் பிறந்தது. முதலில் அரபு நாடுகளுக்கு மட்டும் கடன். 1974 முதல் மற்ற வளர்முக நாடுகளுக்கும். இலங்கையின் களுகங்கை நீர்த்தேக்கத்திலும் அந்தப் பணம் உண்டு.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. 1962 அரசியல் யாப்பு, அரசின் கணக்கைப் பார்க்கும் கணக்காய்வு மன்றத்தைத் தேசிய சபையுடன் இணைத்தது. அமீரகத்தின் தேசியப் பேரவை ஆலோசனைதான் சொல்லலாம். குவைத்திலோ உறுப்பினர்கள் அமைச்சரை நிறுத்திக் கேட்டார்கள். 1980களில் சிரியாவுக்குப் போன உதவிப் பணத்தை எதிர்த்துப் பேசினார்கள். ஈரான் பக்கம் நிற்கும் நாட்டுக்கு ஏன் நம் பணம் என்பது அவர்கள் வாதம். அதனாலும்தானோ என்னவோ, 1976இல் போலவே 1986இலும் சபை முடக்கப்பட்டது. 1990இல் ஈராக் படை நுழைந்தபோதும் அது கூடவில்லை. அப்போது நம்மவர்களும் பாலைவனம் தாண்டி ஜோர்தானுக்கு ஓடினார்கள்.

1992இல் மீண்ட சபையை 2024 மே 10இல் எமிர் கலைத்து, யாப்பின் சில உறுப்புரைகளை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார். நிதியம் இயங்குகிறது, அதுபற்றி அமைச்சரைக் கேட்க, மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் அங்கே இப்போது இல்லை.