அம்பத்தூர் ஜாப் ஒர்க் தொழிலில் தொழில்முறை உறவுகள்

ஜாப் ஒர்க் என்பது, ஒரு நிறுவனம் தரும் மூலப்பொருளையும் வரைபடத்தையும் பெற்று, மற்றொருவர் தமது பட்டறையில் கடைசல், துளையிடல், சாணைபிடித்தல் முதலிய வேலைகளைச் செய்துகொடுத்துக் கூலி பெறும் முறை ஆகும். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரில் இம்முறை பரவலாக உள்ளது. இத்தொழிலைப் புதிதாகத் தொடங்குபவருக்கு இயந்திரத்தை விடவும் அறிமுகமே முதன்மையான முதலீடு எனலாம். இயந்திரத்திற்கு வங்கி கடன் தரும், அறிமுகத்திற்குத் தராது.

பின்னணி

டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949 ஆம் ஆண்டு அம்பத்தூரில் தொடங்கப்பட்டது. 1964 இல் மாநில அரசு அம்பத்தூர் தொழிற்பேட்டையை உருவாக்கியது. சுமார் 1,300 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 1,800 தொழிலகங்கள் கொண்ட இது, தெற்காசியாவின் பெரிய சிறுதொழில் பேட்டைகளுள் ஒன்றாகும். எண்ணூரில் அசோக் லேலண்ட், பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை ஆகியவை அருகருகே அமைந்ததால் உதிரிபாகங்களுக்கான தேவை பெருகியது. மேனாம்பேடு போன்ற குடியிருப்புப் பகுதிகள் 2011 இல் அம்பத்தூர் நகராட்சியுடன் சேர்ந்து சென்னை மாநகராட்சியில் இணைக்கப்பட்டன.

முதல் வேலை கிடைக்கும் விதம்

பல ஆண்டுகள் டர்னராகவோ டூல் ரூம் பணியாளராகவோ இருந்தவர் வேலையை விட்டு, ஒரு லேத்துடன் வாடகைக் கொட்டகையில் தனியாகத் தொழில் தொடங்குவது இங்கு வழக்கமான பாதை. அவருக்கு முதல் வேலையைத் தருவது பெரும்பாலும் பழைய முதலாளியே. அவரது கைத்திறன் அங்கு ஏற்கனவே தெரியும் என்பதால், மாதிரி செய்து காட்டி நம்பிக்கை பெறவேண்டிய காலம் மிச்சமாகிறது. எனவே வேலையை விட்டு விலகும் முறையும் முக்கியமானது. மனக்கசப்புடன் வெளியேறியவர் முதல் வாடிக்கையாளரை அன்றே இழக்கிறார்.

அண்டைப் பட்டறைகளுடனான உறவு வேறு வகையானது. அவர்கள் போட்டியாளர்களாக இருந்தும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகின்றனர். ஒருவரிடம் லேத் மட்டும் உண்டு. மற்றொருவரிடம் மில்லிங் இயந்திரம் உண்டு. வெப்பப் பதனமும் முலாம் பூசுதலும் வேறிடங்களில் நடக்கும். ஒரே பாகம் நான்கு பட்டறைகளைக் கடந்து முழுமை பெறுவதுண்டு. தம்மால் இயலாத வேலையை அடுத்தவருக்கு அனுப்புபவருக்கு, பின்னொரு நாள் அங்கிருந்து வேலை திரும்பி வருகிறது. தொழில்கள் ஓரிடத்தில் குவிவதன் இப்பயனை ஆல்பிரட் மார்ஷல் 1890 இலேயே விளக்கியுள்ளார்.

நெருக்கமற்ற அறிமுகங்கள்

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973 இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய தகவல்கள் நெருங்கிய நண்பர்களை விட மேலோட்டமாக அறிமுகமானவர்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கின்றன என்று வாதிட்டார். நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பது இதன் காரணம். பட்டறைத் தொழிலில் இந்த இடத்தை வெட்டுக்கருவி விற்பனையாளர், இயந்திரம் பழுதுபார்ப்பவர், சுமை வண்டி ஓட்டுநர் ஆகியோர் நிரப்புகின்றனர். எந்தப் பட்டறையில் வேலை மிகுந்துள்ளது என்பது இவர்களுக்குத்தான் முதலில் தெரியவரும். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் (அய்மா) நடத்தும் அக்மீ இயந்திரக் கண்காட்சியும் இத்தகைய அறிமுகங்களுக்கு இடமளிக்கிறது.

ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருத்தல்

தொழிலை வளர்த்த உறவே அதை முடக்கவும் கூடும். 2019 இல் வாகன விற்பனை சரிந்தபோது, அசோக் லேலண்ட் தனது எண்ணூர் ஆலைக்கு செப்டம்பர் மாதத்தில் 16 வேலையில்லா நாட்களை அறிவித்தது. இத்தகைய அறிவிப்பின் விளைவு உதிரிபாகம் தரும் நிறுவனம் வழியாகக் கடைக்கோடி லேத் பட்டறை வரை இறங்குகிறது. ஒரே நிறுவனத்திற்கு மட்டும் வேலை செய்தவருக்கு அம்மாதம் வருமானம் இல்லை. வாடகையும் கடன் தவணையும் மட்டும் உண்டு.

நிலுவையும் சட்டமும்

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இன்படி, எழுத்து மூல உடன்பாடு இருப்பினும் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திற்குரிய தொகையை 45 நாட்களுக்குள் செலுத்தவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. எனினும் வட்டி கேட்டால் அடுத்த வேலை வராது என்ற அச்சம் சிறு பட்டறையாளரைத் தடுக்கிறது. இங்கு உறவு, உரிமைக்கு எதிராக நிற்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 2023 இல் சேர்க்கப்பட்டு, 2023-24 நிதியாண்டு முதல் செயற்பட்ட விதி இச்சிக்கலை வேறு வழியில் அணுகியது. அதன்படி, காலக்கெடுவுக்குள் செலுத்தாத தொகையை வாங்குபவர், உண்மையில் செலுத்தும் ஆண்டில் மட்டுமே தமது செலவாகக் கழித்துக்கொள்ள இயலும். இதற்குப் பட்டறையாளர் யாரிடமும் முறையிட வேண்டியதில்லை. வாங்குபவரின் கணக்காளரே நினைவூட்டுவார். ஆனால் பட்டறை உத்யம் தளத்தில் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.