ஆயிரத்துக்கு 6.9: கர்நாடகத்து எளிய மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போன வழி

1960களின் தொடக்கத்தில் மைசூர் மாநில (இன்றைய கர்நாடக) அரசு ஒரு விசித்திரமான கணக்கைப் போட்டது. உயர்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று வகுப்புகளில், ஒவ்வொரு சாதியிலும் ஆயிரம் பேருக்கு எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். மாநிலச் சராசரி 6.9 என்று வந்தது. அதற்குக் கீழே இருந்தால் பிற்பட்டவர். அதில் பாதிக்கும் கீழே போனால் மிகப் பிற்பட்டவர். லிங்காயத்துகளின் எண் 7.1. சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்தக் கணக்கை வைத்து 1962 ஜூலை 31 அன்று பிறந்த அரசாணை, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 68 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. இரண்டே மாதத்தில், செப்டம்பர் 28 அன்று, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதுதான் பாலாஜி வழக்கு.

சட்டம் படிப்பவர்கள் அந்தத் தீர்ப்பை 50 விழுக்காடு என்ற வரம்புக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது அந்த அளவுகோல். ஒரு பிள்ளை டாக்டர் ஆவதும் ஆகாததும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்று அரசு தன் கையாலேயே கணக்கெழுதி ஒப்புக்கொண்டது. மருந்தை மட்டும் கல்லூரி வாசலில் கொடுத்தது. கர்நாடகத்தில் ஏறக்குறைய நூறாண்டுகளாக நடந்த விவாதம் பெரும்பாலும் இடங்களை யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்பதைப் பற்றியதே. அந்த இடத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்வது யார் வேலை என்ற கேள்வி பின்தங்கியே வந்தது. வந்தபோதும் அதைத் தோளில் போட்டுக்கொண்டவர்களில் அரசல்லாதவர்களே அதிகம்.

அந்தக் கேள்வி முதலில் எழுந்தபோது இப்படி இருக்கவில்லை. 1918இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், மைசூர் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அரசு வேலைகளில் பிராமணர் அல்லாதார் எண்ணிக்கையைக் கூட்டுவது எப்படி என்பதே அதன் முதன்மை நோக்கம். திவான் விசுவேசுவரய்யாவுக்கு இதில் உடன்பாடில்லை; அதே ஆண்டு அவர் பதவி விலகினார். ஏழாண்டுக்குள் உயர்பதவிகளில் பாதியும் கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணர் அல்லாதாருக்குச் சேர வேண்டும் என்ற குழுவின் பரிந்துரையே எங்கும் பேசப்படுகிறது. குழுவிடம் கேட்கப்பட்ட இரண்டாவது கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்றச் சமூகத்தாரிடையே உயர்கல்வியையும் தொழிற்கல்வியையும் ஊக்குவிக்கத் தனி வசதிகள் செய்ய வேண்டுமா என்பது அது.

தொழிற்கல்வி என்றால் மருத்துவமும் சேர்த்திதான். 1917இல் பெங்களூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தது. 1924இல் அது கல்லூரியானது. 1930இல் மைசூருக்கு இடம் மாறிப் போனது. அதன் பிறகு பெங்களூரில் மருத்துவக் கல்லூரி எழுவதற்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு பல் மருத்துவக் கல்லூரி 1958இல் வந்தது.

அந்தக் காலத்தில் பயிற்சி என்றால் வினா வங்கியும் மாதிரித் தேர்வும் அல்ல. தங்க ஓர் அறை, இரண்டு வேளைச் சோறு, படிக்க ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதைக் கொடுத்தவை சமூகச் சங்கங்களும் மடங்களும். 1906இல் ஒக்கலிகர் சங்கம் பெங்களூரில் உருவானது. நகர ரயில் நிலையத்துக்கு எதிரே குப்பி தோட்டதப்பா கட்டிய சத்திரம், பயணிகளோடு கிராமத்திலிருந்து படிக்க வந்த லிங்காயத்துப் பையன்களுக்கும் இடம் கொடுத்தது. துமகூரு சித்தகங்கா மடம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. இதிலும் ஒரு சங்கடம் உண்டு. சங்கம் வைத்து விடுதி கட்டும் அளவுக்கு வசதி இருந்த சமூகங்களே முதலில் பலன் பெற்றன. 6.9 கணக்கில் லிங்காயத்துகள் சராசரியைத் தாண்டி நின்றதற்கு இந்த விடுதிகளும் ஒரு காரணம் என்று சொன்னால் தவறாகாது.

பாலாஜி தீர்ப்பு வந்த மறு ஆண்டே அரசு வேறு வழியில் முயன்றது. 1963 ஜூலையில் வந்த ஆணை சாதியை விட்டுவிட்டு, வருமானத்தையும் தொழிலையும் பார்த்தது. ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத் தொழில் விவசாயம், சிறு வணிகம், கடைநிலை ஊழியம், கைவினை, உடலுழைப்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு 30 விழுக்காடு. 1964இல் சித்ரலேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே வழக்கில் சவாலுக்கு உள்ளான இன்னொரு முறையும் தப்பித்தது. அதுதான் நேர்முகத் தேர்வு. விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காட்டுக்கு இணையான மதிப்பெண்ணை நேர்முகக் குழு தரலாம். பொது அறிவு, ஆளுமை, என்.சி.சி. எல்லாம் அதில் அடங்கும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வருமானச் சான்றிதழ் ஒரு கதவைத் திறந்துவிட்டால், நேர்முக அறையின் நாற்காலி இன்னொரு கதவைச் சாத்தியது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கே 1970இல் மருத்துவச் சேர்க்கை நேர்முகத்துக்கு 75 மதிப்பெண். பெரியகருப்பன் வழக்கு அதை எதிர்த்து எழுந்ததே.

இதற்கிடையில் பணமும் பேசத் தொடங்கியது. 1953இல் டி.எம்.ஏ. பை மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கி, தனியார் மருத்துவக் கல்விக்கு வழி காட்டினார். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் கர்நாடகம் எங்கும் தனியார் கல்லூரிகள் முளைத்தன. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. திருச்சியில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் மும்தாஜ் அகமது கான், 1966இல் பெங்களூரில் அல்-அமீன் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். கல்வியில் பின்தங்கிய முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளியும் கல்லூரியும் கட்டி, பிஜாப்பூரில் மருத்துவக் கல்லூரி வரை போனார். ஆனால் பொதுவாகக் கல்லூரிச் சந்தையில் நன்கொடை என்ற சொல்லுக்குப் பொருளே மாறிப்போனது. 1984இல் கர்நாடக அரசு நன்கொடைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1989 ஜூன் அறிவிக்கையில், தனியார் மருத்துவக் கல்லூரிகளின் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், மற்றக் கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000 என்று கட்டணம் விதித்தது.

துமகூருவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி கேட்ட அந்த 60,000 ரூபாயைக் கட்ட முடியாத மோகினி ஜெயின் என்ற மீரட் மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 1992 ஜூலையில் வந்த தீர்ப்பு, கல்வி உரிமை என்ற கருத்துக்கே ஓர் அடித்தளமாயிற்று. அவருக்கோ இடம் கிடைக்கவில்லை. தகுதி வரிசையில் வந்த சேர்க்கை அல்ல என்று சொல்லிவிட்டார்கள். 1951இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை வீழ்த்திய செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. இந்திய மருத்துவச் சேர்க்கை வரலாற்றில் வழக்குக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கும் அதனால் இடம் பெற்றவர்களுக்கும் அவ்வளவாக உறவில்லை.

1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, தனியார் கல்லூரி இடங்களைப் பாதி இலவசம், பாதி கட்டணம் என்று பிரித்து, சேர்க்கையைப் பொதுவான தகுதிப் பட்டியலின் கீழ்க் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, 1994இல், கர்நாடகத்தில் சி.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. அப்பா யார், ஆங்கிலம் எப்படி, டை கட்டத் தெரியுமா என்று கேட்காத ஒரு தாள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இயங்கும் தேர்வு ஆணையத்தின் கவுன்சலிங்கில், தரவரிசை எண் மட்டுமே பேசியது. ஏழைப் பிள்ளைக்கு இது உண்மையிலேயே ஒரு விடுதலை. ஆனால் தேர்வு ஒன்று பொதுவானதும் அதற்குப் பயிற்சி விற்பதும் எளிதாயிற்று. பல்லாயிரம் பேர் ஒரே தாளை எழுதினால், அந்தத் தாளை மட்டும் சொல்லிக்கொடுக்கக் கடை வைக்கலாம். பெங்களூரின் நடுத்தரக் குடியிருப்புகளில் பயிற்சி மையங்கள் பெருகின. விடுதிச் சோறு போதும் என்ற காலம் அங்கே முடிந்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. கிராமத்தில் பத்தாண்டு படித்தவர்களுக்கு 15 விழுக்காடு, ஒன்றாம் வகுப்பு முதல் பத்து வரை கன்னட வழியில் படித்தவர்களுக்கு 5 விழுக்காடு என்று உள் ஒதுக்கீடு செய்தது. ஆனால் இரண்டும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் அளவுகள். உண்மையான குழி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கன்னடத்தில் ஒளிச்சேர்க்கையைப் படித்த பிள்ளை பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பான பி.யு.சி.யில் சேர்ந்ததும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. 2012-13இல் கர்நாடகப் பி.யு. வாரியம் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை அறிவியலுக்கு ஏற்றுக்கொண்டபோது புத்தகம் இன்னும் கனத்தது. பின்னால் வரவிருந்த நீட் தேர்வை நினைத்தால் இது தொலைநோக்கான முடிவு. தமிழ்நாடு தன் மேல்நிலைப் பாடத்தைத் திருத்தியது 2018இல்தான்.

நீட் முதலில் 2013இல் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2017 முதல் கர்நாடகத்தில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் எல்லா இடங்களும் நீட் வழியே. 180 வினா, 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. சி.இ.டி.க்குப் பழகிய கர்நாடகத்தில் எதிர்ப்பு தமிழ்நாட்டளவுக்கு எழவில்லை. 2024 ஜூலையில்தான் சட்டமன்றம் நீட்டுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

பயிற்சியின் விலை என்ன என்பதை எண்ணால் காட்டியது தமிழ்நாடு. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021 ஜூலையில் தந்த அறிக்கையின்படி, மருத்துவம் சேர்ந்தவர்களில் தமிழ் வழி மாணவர் பங்கு சுமார் 15 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டை ஒட்டி விழுந்தது. மறுமுறை எழுதிச் சேர்ந்தவர்கள் 2020-21இல் 71 விழுக்காடு. மறுமுறை என்றால் ஓராண்டு வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார வேண்டும். கர்நாடகத்தில் இதை ‘லாங் டெர்ம்’ என்கிறார்கள். அந்த ஓராண்டுதான் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய செலவு, கட்டணத்தைவிடப் பெரியது. தமிழ்நாடு 412 மையங்களில் இலவசப் பயிற்சியும், 2020 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே நானூறு பிள்ளைகள் அளவில் அந்த வழியே உள்ளே போனார்கள். மையங்கள் அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே தொடங்கியவை. ஒதுக்கீடு வந்த பிறகே எண்ணிக்கை மாறியது. இது பயிற்சியை மட்டும் நம்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம்.

கர்நாடகத்தில் எளிய பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியதில் பெங்களூரைவிடப் பீதரே முன்னால் நிற்கிறது. 1989இல் அப்துல் கதீர் 18 மாணவர்களோடு தொடங்கிய ஷாஹீன் நிறுவனம், மாநிலத்தின் வட கோடியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் பிள்ளைகளை அனுப்புகிறது. பள்ளியை விட்டு நின்றவர்களையும், மதரசாவில் குர்ஆன் மனனம் செய்து முடித்தவர்களையும் எடுத்து, அடிப்படைக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பிரிவுக்கு மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெயரில் கொஞ்சம் விளம்பர வாடை அடிக்கிறது. ஆனால் நோய் எங்கே என்று சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள்.

இதே சிக்கலுக்கு லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001இல் வேறொரு விடை கண்டது. நகரத்தின் சாதாரண அரசுப் பள்ளிகளிலிருந்து, குறைந்த மதிப்பெண்ணோடு வரும் மாணவர்களைச் சேர்த்து, ஐந்தாண்டு மருத்துவப் படிப்பை ஆறாண்டாக நீட்டியது. பத்துப் பேரில் தொடங்கி, ஆண்டுக்கு ஐம்பது பேர் என வளர்ந்தது. நுழையும் முன்பு ஓராண்டு வீட்டில் உட்கார்வதற்குப் பதில், உள்ளே போன பிறகு ஓராண்டு கூடுதலாகப் படிப்பது. செலவு மாணவரின் குடும்பத்திடமிருந்து கல்லூரிக்கு இடம் மாறுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் கொண்ட கர்நாடகத்துக்கு இது பொருத்தமாகவே இருக்கும். பி.டி.எஸ். முதலாண்டில் மெழுகில் பல் செதுக்கும் கருவிகளைக்கூடச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டியவர்களுக்கு, நீட் தாண்டியதோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை.

பெங்களூரில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை வைத்துப் பார்த்தால் முடிச்சு இன்னும் இறுகுகிறது. கர்நாடகத் தேர்வு மையங்களில் நீட் வினாத்தாள் ஆங்கிலம், இந்தி, உருது, கன்னடம் ஆகியவற்றில்தான் கிடைக்கும். தமிழ்த் தாள் வராது. நகரத்தில் படிப்பதால் கிராம ஒதுக்கீடும் இல்லை. அந்த உள் ஒதுக்கீடுகளில் மிச்சம் இருப்பது கன்னட வழி 5 விழுக்காடு. அது தாய்மொழியைக் கேட்பதில்லை. பயிற்று மொழியைத்தான் கேட்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பத்து வரை கன்னட வழியில் படித்ததாகத் தலைமையாசிரியர் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலர் மேலொப்பமிட்ட சான்றிதழ் வேண்டும். 2019இல் மாநில அரசு ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்பு தொடங்கியது. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்த வகுப்புக்கு மாற்றிவிடும் பெற்றோர், பி.யு.சி. ஆங்கிலத்துக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறார்கள்; அதே கையெழுத்தில் 5 விழுக்காட்டை விட்டுக்கொடுக்கிறார்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் பயிற்று மொழி என்ற கட்டத்துக்கு எதிரே இதை யாரும் எழுதி வைத்திருப்பதில்லை.