மூச்சு நிறுத்தம்

மூச்சு நிறுத்தம் அல்லது சுவாச நிறுத்தம் என்பது ஒருவரின் மூச்சியக்கம் முற்றாக நின்றுவிடும் நிலையாகும். இது இதய நிறுத்தத்திலிருந்து வேறுபட்டது. மூச்சு நின்ற பின்னரும் இதயம் சில நிமிடங்கள் துடிக்கக்கூடும். சிகிச்சைக்குக் கிடைப்பது அச்சில நிமிடங்களே என்பதால் இது மருத்துவ அவசரநிலையாகும்.

உடலில் நிகழ்வது

மனித உடலால் ஆக்சிசனைப் பெருமளவில் சேமித்து வைக்க இயலாது. வளர்ந்த ஒருவரின் நுரையீரலிலும் குருதியிலும் சேர்த்து ஏறத்தாழ 1.5 லிட்டர் ஆக்சிசனே இருக்கும். ஓய்வு நிலையிலேயே நிமிடத்திற்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் செலவாகிறது. கணக்கின்படி இது 6 நிமிடங்களுக்குப் போதும் எனத் தோன்றினாலும், இருப்பு முழுவதையும் உடல் பயன்படுத்திவிட முடியாது. கார்பன் டை ஆக்சைடும் வெளியேற வழியின்றிக் குருதியின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. ஆக்சிசன் கிடைக்காத மூளை சில நிமிடங்களிலேயே மீளாச் சேதமடையத் தொடங்குகிறது. பின்னர் இதயமும் நின்றுவிடும்.

காரணங்கள்

மூச்சுவிடுவதற்கான கட்டளை மூளையின் முகுளத்தில் தோன்றி, நரம்புகள் வழியாக உதரவிதானம் முதலிய தசைகளை அடைகிறது. இத்தொடரில் எங்கு தடை ஏற்பட்டாலும் மூச்சு நிற்கலாம். அபின் வகை மருந்துகள் அளவு மீறும்போது முகுளத்தை மந்தமாக்குகின்றன. இதற்கு நலோக்சோன் மாற்று மருந்தாகும். தொண்டையில் உணவு அடைத்தல், நீரில் மூழ்குதல், கடும் ஆசுத்துமா ஆகியனவும் காரணங்களாம்.

கட்டுவிரியன் கடி இங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. பெரும்பாலும் இரவில், உறங்குபவரைக் கடிக்கும் இப்பாம்பின் கடிவாயில் வலியோ வீக்கமோ மிகக் குறைவு. நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குவதால் முதலில் கண்ணிமைகள் தொங்கும், பின்னர் மூச்சுத்தசைகள் செயலிழக்கும். நோயாளி நினைவுடன் இருந்தும் அசைய முடியாமற் போகலாம். உரிய நேரத்தில் செயற்கைச் சுவாசம் அளித்தால், சில நாட்களில் முழுமையாக மீள்வோர் பலர்.

முதலுதவி

நினைவற்றவரிடம் விட்டுவிட்டு எழும் திணறல் மூச்சைப் பலர் இயல்பான மூச்சு எனத் தவறாக எண்ணுகின்றனர், அது மூச்சன்று. 10 வினாடிகளுக்குள் இயல்பான மூச்சு தென்படாவிடில் அவசர ஊர்தியை அழைத்து (இந்தியாவில் 108 அல்லது 112), மார்பு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். பயிற்சி பெறாதவர் நாடித்துடிப்பைத் தேடிக் காலம் தாழ்த்தலாகாது. பயிற்சி பெற்றவர் வாய்வழி மூச்சும் அளிக்கலாம். நாம் வெளிவிடும் காற்றிலும் ஏறத்தாழ 16 விழுக்காடு ஆக்சிசன் எஞ்சியிருப்பதே இம்முறை பயன்தருவதற்குக் காரணமாகும்.

வரலாறு

1952-ல் டென்மார்க்கின் கோபனாகனில் பரவிய இளம்பிள்ளை வாதம் பலரின் மூச்சுத்தசைகளைச் செயலிழக்கச் செய்தது. அக்காலத்து இரும்பு நுரையீரல் கருவிகள் போதவில்லை. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் அழுத்தும் பை மூலம் காற்றைச் செலுத்தும் முறையைப் பயன்படுத்தினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக, வாரக்கணக்கில் பைகளை அழுத்தினர். இவ்வகை நோயாளிகளிடையே 80 விழுக்காட்டிற்கும் மேலிருந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இப்சன் 1953-ல் அந்நகரில் தொடங்கிய பிரிவு, உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு எனப் பரவலாகக் கருதப்படுகிறது.